வெள்ளைக் கோட்டுக்கு அப்பாலும் இப்பாலும்

லட்சத்தீவில் பவளப்பாறை மேல் உடையும் அலை படகுகளைக் கவிழ்க்கிறது. அலை அங்கே உடைவதால்தான் தீவுகள் பிழைக்கின்றன. அந்தப் பாறை இப்போது நலிந்து வருகிறது.

கொச்சியில் புறப்பட்ட கப்பல் இரவெல்லாம் ஓடிவிட்டு, காலையில் தீவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. தென்னை மரங்கள் தெரிகின்றன. பள்ளிவாசலின் வெள்ளைச் சுவர் தெரிகிறது. கரையில் காத்திருப்பவர்களின் குடைகள்கூடத் தெரிகின்றன. ஆனால் பயணம் முடிந்துவிடவில்லை. அதன் கடினமான பகுதி இனிமேல்தான்.

கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு திறக்கிறது. கீழே ஒரு படகு ஆடிக்கொண்டிருக்கிறது. அலை எழும்போது படகு கதவின் மட்டத்துக்கு வருகிறது. அலை தாழும்போது ஆளுயரப் பள்ளத்துக்குப் போய்விடுகிறது. கதவருகே நிற்கும் ஊழியர்கள் பயணியின் இரு புஜங்களையும் பிடித்துக்கொள்கிறார்கள். படகு மேலே வரும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து கையை விடுகிறார்கள். கீழே இருப்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கைக்குழந்தை, நோயாளி, கல்யாணத்துக்கு வாங்கிய துணிமூட்டை, மண்ணெண்ணெய் அடுப்பு என்று எல்லாமே இப்படித்தான் கைமாறிப் போகின்றன. டிசம்பரில் இது வேடிக்கை. ஜூலையில் விளையாட்டல்ல.

இந்தியாவின் மிகச் சிறிய யூனியன் பிரதேசம் லட்சத்தீவு. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கி.மீ. தூரத்தில், அரபிக் கடலில் சிதறிக் கிடக்கும் துண்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வசிப்பவர்கள் 64,473 பேர். இந்தத் தீவுகளில் மலை கிடையாது, ஆறு கிடையாது. பெரும்பாலான இடங்களில் தரை கடல் மட்டத்துக்கு மேல் ஓரிரு மீட்டர்தான். புயல் வந்தால் ஓடி ஒதுங்க மேடு என்று ஒன்றில்லை.

இருந்தும் நூற்றாண்டுகளாக மனிதர்கள் இங்கே குடியிருக்கிறார்கள். தென்னை வளர்த்திருக்கிறார்கள், கிணறு தோண்டியிருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது என்பதற்கான விடை, தீவின் மேற்குக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் கிடைக்கும்.

பச்சை, வெள்ளை, நீலம்

மேற்கே முதலில் தெரிவது பச்சை நிற நீர். லகூன் எனப்படும் உள்கடல். முழங்காலளவு, இடுப்பளவு, சில இடங்களில் மட்டும் இன்னும் ஆழம். அதற்கப்பால் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கப்பால் கருநீலம்.

அந்த வெள்ளைக் கோடுதான் விஷயமே. அங்கே நீருக்கடியில் பவளப்பாறை சுவர்போல எழுந்து நிற்கிறது. ஆழ்கடலிலிருந்து உருண்டு வரும் அலைக்கு அதுவரை தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. திடீரென்று காலடியில் பாறை தட்டுகிறது. நீரின் ஆழம் ஏறக்குறைய அலையின் உயரத்தளவுக்குக் குறைந்ததும் அலையால் நிற்க முடிவதில்லை. முன்பக்கம் செங்குத்தாகி, தலைகுப்புறக் கவிழ்ந்து நொறுங்குகிறது. பாறையைத் தாண்டி உள்ளே வருவது நுரையும் சலசலப்பும் மட்டுமே.

உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஒரு ஆய்வறிக்கை, பவளப்பாறைகள் சராசரியாக அலையின் ஆற்றலில் 97 சதவீதத்தை உறிஞ்சிவிடுகின்றன என்று கணக்கிட்டது. அதில் பெரும்பகுதியை உறிஞ்சுவது பாறையின் உச்சி விளிம்பு மட்டுமே. லட்சத்தீவுக்காரர்களுக்கு இந்தச் சதவீதம் தேவையில்லை. ராத்திரி படுக்கும்போது தூரத்தில் அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். இரைச்சல் தூரத்தில் இருக்கும்வரை கவலையில்லாமல் தூங்கலாம்.

அலையைத் தடுக்கும் இதே பாறை படகையும் தடுக்கிறது. மீன் பிடிக்கப் போகவும் கப்பலுக்கு ஆள் ஏற்றவும் படகு எப்படியாவது வெளியே போயாக வேண்டும். பாறையில் ஆங்காங்கே இருக்கும் இடைவெளிகள்தான் வாசல். ஆபத்து அந்த வாசலில்தான். பாறை மேல் உடைந்து உள்ளே கொட்டும் தண்ணீர் அத்தனையும் திரும்பிப் போக வேறு வழியில்லை. அதுவும் இந்த இடைவெளி வழியாகத்தான் வெளியே பாய வேண்டும். வெளியிலிருந்து அலை, உள்ளிருந்து நீரோட்டம். இரண்டும் முட்டிக்கொள்ளும்போது அலை இன்னும் செங்குத்தாகிறது. அனுபவமுள்ள படகோட்டி வாசலுக்கு வெளியே இன்ஜினைத் தணித்து நிற்கிறார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். அந்த ஓய்வு வரும்வரை திரும்பித் திரும்பிக் கடலையே பார்க்கிறார். வந்ததும் ஒரே மூச்சில் உள்ளே. பாதியில் மனம் மாறினால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அப்புறம் பக்கத்திலிருக்கும் பாறைதான் முடிவு செய்யும்.

உள்கடலில் குளிக்கும் சுற்றுலாப் பயணிக்கும் இதே விதிதான். பச்சை நீர் தொட்டித் தண்ணீர் மாதிரி அமைதியாகத் தெரிகிறது. ஆனால் வாசலை நெருங்க நெருங்க அடியில் ஒரு இழுப்பு இருக்கிறது. அதை எதிர்த்து நீந்துபவர் களைத்துப் போவார். பக்கவாட்டில் விலகி நீந்தினால்தான் தப்பலாம்.

இரண்டு தீவுகள், இரண்டு விதி

எல்லாத் தீவுக்கும் இந்தச் சுவர் ஒரே அளவில் கிடைத்துவிடவில்லை. வடக்கே இருக்கும் பித்ராவின் நிலம் 0.10 சதுர கி.மீ. மட்டுமே. ஒரு பெரிய பள்ளி மைதானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் போன்ற அளவு. 2011-ல் அங்கிருந்தவர்கள் 271 பேர். ஆனால் அந்தப் பொட்டு நிலத்துக்கு வாய்த்த உள்கடல் 45 சதுர கி.மீ.க்கும் அதிகம். மக்கள் வசிக்கும் தீவுகளின் உள்கடல்களில் பெரியது.

ஆந்த்ரோத் இதற்கு நேர் எதிர். குடியிருப்புத் தீவுகளில் பரப்பில் பெரியது, சுமார் 4.9 சதுர கி.மீ. கேரளக் கரைக்குப் பக்கத்தில் இருப்பவற்றில் ஒன்று. ஆனால் சொல்லிக்கொள்ளும்படியான உள்கடல் அதற்கு இல்லை. மற்றத் தீவுகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்க, ஆந்த்ரோத் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. அலை கரையிலேயே வந்து உடைகிறது. படகைத் தள்ளுவதும் இழுத்துப் போடுவதும் அந்த நுரைக்குள்தான். கல்லைக் கொட்டி அலைத் தடுப்புச் சுவர் கட்டித்தான் படகுகளுக்கு ஒரு ஒதுங்குமிடம் உண்டாக்க வேண்டியிருந்தது. மற்றத் தீவுகளுக்கு இயற்கை இனாமாகக் கொடுத்ததை இங்கே சிமென்டும் பாறாங்கல்லும் கொண்டு விலைக்கு வாங்கினார்கள்.

பூட்டிய நான்கு மாதங்கள்

ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று. தமிழ்நாட்டு மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்றின் ராஜ்யம். திறந்த கடலில் மூன்று நான்கு மீட்டர் உயர அலைகள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஓயாமல் வருகின்றன. மங்களூரிலிருந்தும் கோழிக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள பேப்பூரிலிருந்தும் அரிசி, காய்கறி, சிமென்ட் ஏற்றி வரும் மர உருக்கள் இந்த மாதங்களில் ஓடுவதில்லை. மீன்பிடிப் படகுகளைக் கரையில் ஏற்றித் தென்னை மரத்தில் கட்டிவிடுகிறார்கள். பெரிய கப்பல்கள் மட்டும் ஓடுகின்றன. அவையும் அட்டவணைப்படி அல்ல, கடல் அனுமதிக்கிறபடி.

பருவமழைக்கு முன்பே அரிசியும் பருப்பும் சேர்த்து வைப்பது இங்கே பரம்பரைப் பழக்கம். மினிக்காய் தீவில் சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகும்வரை வெயிலில் காயவைக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்குத் தூத்துக்குடி வழியாக வந்து சேரும் மாசிக் கருவாடு அதுதான். கடலுக்குப் போக முடியாத மாதங்களை மனதில் வைத்து வாழ்கிறவர்களுக்குக் கெட்டுப் போகாத மீன்தான் சேமிப்பு.

இந்த மாதங்களில் கப்பல்கள் தீவின் கிழக்குப் பக்கம் சுற்றி வருகின்றன. காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது தீவே மறைப்பாக நிற்கும் அல்லவா! அதற்காகவே பல தீவுகளில் கிழக்கே துறைகள் கட்டப்பட்டிருக்கின்றன. என்றாலும் அலை தீவின் முனையைச் சுற்றி வளைந்து வந்துவிடுகிறது. சில நாட்களில் கப்பல் வருகிறது, நிற்கிறது, பார்க்கிறது, யாரையும் இறக்காமலே அடுத்த தீவுக்குப் போய்விடுகிறது. வீட்டுக் கூரை தெரியும் தூரத்திலிருந்து பயணி திரும்பிப் போகிறார்.

பிரசவ வலி கண்டவருக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் இது வெறும் தாமதமாக முடிவதில்லை. சிக்கலான நோயாளிகளை ஹெலிகாப்டரில்தான் கொச்சிக்கோ, பெரிய மருத்துவமனை உள்ள வேறு தீவுக்கோ கொண்டுபோக வேண்டும். அதுவும் மேகம் வழிவிட்டால்தான். இங்குள்ள ஒரே விமான நிலையம் அகத்தியில், 1988 முதல் இயங்குகிறது. ஓடுபாதையின் இரு பக்கமும் கடல். அகத்தியை அடைய மற்றத் தீவுக்காரர்கள் மறுபடி கடலில்தான் இறங்க வேண்டும்.

1847: கிழக்கிலிருந்து வந்த இரவு

மேற்கே உள்கடலும் பாறையும் காவல். கிழக்கே? பெரும்பாலான தீவுகளில் கிழக்குக் கரையை ஒட்டிய பாறைத்தளம் குறுகலானது. சட்டென்று ஆழம் விழுந்துவிடுகிறது. பருவக்காற்று மேற்கிலிருந்து வருவதால் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. ஆனால் புயலுக்குத் திசைக் கட்டுப்பாடு கிடையாது.

1847 ஏப்ரலில் ஒரு புயல் கல்பேனி, ஆந்த்ரோத் தீவுகளைத் தாக்கியது. கல்பேனியில் மட்டும் 246 பேர் மூழ்கி இறந்ததாக ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகள் சொல்கின்றன. கடல் வடிந்த பிறகும் சாவு நிற்கவில்லை. தென்னை சாய்ந்துவிட்டது. கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. அடுத்த ஐந்து மாதங்களில் பட்டினியாலும் நோயாலும் இன்னும் 112 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் மலபார் கரைக்குப் போனார்கள்.

கல்பேனியின் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் இன்றும் பவளக்கற்கள் பெரும் வரப்பாகக் குவிந்து கிடக்கின்றன. கடலுக்கடியில் இருந்த பாறையை உடைத்து, கரை மேல் தூக்கிப் போட்டது அந்தப் புயல் என்கிறார்கள். ஒரு தீவே தன் மேல் வந்த அலையின் உயரத்தைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறது.

அந்தப் புயல் அரசியலையும் புரட்டிப் போட்டது. தீவுகளின் மேல் உரிமை கொண்டிருந்த கண்ணூர்ப் பக்கத்து அரச குடும்பம் நிவாரணத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கடன் வாங்க வேண்டியதாயிற்று. வட்டி ஏறியது. கட்ட முடியவில்லை. 1854-ல் மீதமிருந்த தீவுகளின் நிர்வாகமும் கம்பெனியின் கைக்குப் போனது. பீரங்கி எதுவும் வெடிக்கவில்லை. ஒரு இரவின் அலை போதுமானதாக இருந்தது.

சொல்லாமல் வரும் கடல்

புயலாவது வானத்தில் அறிவித்துவிட்டு வருகிறது. சில அலைகள் அதையும் செய்வதில்லை. காற்று அசையாது. வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரல், மே மாதத்து வெயில் காயும். திடீரென்று கடல் பெருத்துக் கரையேறும். கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். தமிழருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. 2012-ல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது.

இந்த அலைகள் பிறப்பது இங்கல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, அன்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் ஒரு புயல் வீசுகிறது. அங்கே எழும் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து இந்துமாக்கடலின் வடக்கே வந்து சேர்கின்றன. ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்து விநாடிக்கும் மேல். திறந்த கடலில் படகின் அடியில் அது கடந்து போவதே தெரியாது. ஆழம் குறைந்ததும்தான் தலை தூக்குகிறது. அந்த நீண்ட இடைவெளிதான் ஏமாற்றுகிறது. ஒரு நிமிடம் கடல் சாதுவாகத் தெரியும். பாறை மேல் நின்று படம் எடுக்கத் தோன்றும். அடுத்த அலை வந்து அள்ளிக்கொண்டு போகும்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களின் உயிரைப் பறித்தது இத்தகைய சீற்றத்தில் இருந்த கடல்தான். எச்சரிக்கை வெளியாகியிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கேரளம், தமிழகம், லட்சத்தீவுக் கரைகளுக்கு இப்படிப்பட்ட அலைகளை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. அறிவிப்பு மீனவரின் கைபேசிக்கு வந்துவிடுகிறது. விடுமுறைக்கு வந்தவரின் காதுக்குத்தான் எட்டுவதில்லை.

2024 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி லட்சத்தீவு சென்று உள்கடலில் நீந்திய படங்கள் வெளியானதும், நாடெங்கும் அந்தத் தீவுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அந்தப் படங்களில் இருப்பது ஜனவரிக் கடல். ஜூனில் போகிறவர் அதே பச்சையைத் தேடினால் கிடைக்காது.

ஒக்கி வந்த வழி

2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் உருவான ஒக்கி புயல் மேற்கே திரும்பி, டிசம்பர் 1, 2 தேதிகளில் லட்சத்தீவுக் கடலைக் கடந்தது. குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் பயணமாகப் போய் மீன்பிடிக்கும் கடல் அது. எச்சரிக்கை வந்தபோது அவர்களில் பலர் கரைக்குத் திரும்ப முடியாத தூரத்தில் இருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை.

தப்பியவர்களில் ஒரு பகுதியினர் லட்சத்தீவின் தீவுகளில் ஒதுங்கினார்கள். புயலில் அடிபட்டு, தென்னையும் படகும் இழந்த தீவுக்காரர்கள் அவர்களுக்குச் சோறு போட்டார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து வீடுகளுக்கு ஆள் உயிரோடு இருக்கும் செய்தி இந்தத் தீவுகளிலிருந்துதான் போனது. அந்த நாட்களில் கடலில் இருந்த தமிழ் மீனவருக்கு வெள்ளைக் கோட்டுக்கு இப்பால் வந்து சேர்வது என்றால் பிழைப்பது என்று பொருள்.

2021 மே மாதம் இன்னொரு பாடம். டவ்தே புயல் வேறெங்கோ உருவாகித் தீவுகளை நோக்கி வரவில்லை. லட்சத்தீவுக் கடற்பரப்பிலேயே கருக்கொண்டு, அங்கேயே வலுத்து, பிறகு குஜராத்தை நோக்கிப் போனது. தயாராவதற்குக் கிடைத்த நேரம் சொற்பம்.

சுவரில் விரிசல்

ஆக, எல்லாம் அந்தச் சுவரைப் பொறுத்தது. அது உயிருள்ள சுவர். பவளப் பூச்சிகள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய சுவர். புயல் இடித்ததை அவையே மெல்ல மெல்லச் செப்பனிட்டுவிடும். அதற்கு அவை உயிரோடு இருக்க வேண்டும்.

கடல் நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே போதும். பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது. பவளம் வெளுத்துப் போகிறது. வெப்பம் தணியாவிட்டால் செத்துப் போகிறது. லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படி நடந்தது. 2024-லும் நடந்தது. அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளில் 24 ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வின்படி, 1998-ல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2022-ல் 20 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

செத்த பவளம் உடனே இடிந்து விழுந்துவிடாது. அலையும், பாறையைத் துளைக்கும் உயிர்களும் அதைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. உச்சி விளிம்பு தாழ்கிறது. கடல் மட்டமோ உயர்ந்துகொண்டிருக்கிறது. முன்பு பாறையில் நொறுங்கிய அலை இப்போது கொஞ்சம் மிச்சத்தோடு உள்ளே வருகிறது. பங்காரத்தை ஒட்டிய பரளி ஒன்று என்ற ஆளில்லாத் திட்டு 1968-ல் 0.032 சதுர கி.மீ. பரப்பு இருந்தது. அது முழுவதுமாக அரிக்கப்பட்டு மறைந்துவிட்டதை 2017-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

ஆள் வாழும் தீவுகளில் முதலில் அடிபடப் போவது கிணறு. தீவின் மணலுக்கடியில் மழைநீர், உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. ஒரு பெரிய அலை கரை தாண்டி வந்து தேங்கினால் அந்த நன்னீர் கெட்டுப் போகும். 1847-ல் கல்பேனி கண்டது அதைத்தான். இன்று கவரத்தி போன்ற தீவுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவை இயங்க மின்சாரம் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் கப்பலில் வரவேண்டும்.

அரிப்பைத் தடுக்க நான்கு கால் கொண்ட டெட்ராபாட் கான்கிரீட் கட்டைகளைத் தீவுகளின் கரையில் அடுக்கியிருக்கிறார்கள். அவை இருக்கும் இடத்தில் மண் நிற்கிறது. பல இடங்களில் அலை அவற்றைத் தாண்டிப் பக்கத்து மணலைத் தின்கிறது. கட்டை தானாக வளராது, கடல் மட்டம் உயர்ந்தால் கூடவே உயராது. அதை வாங்கி வரவும் கப்பல்தான் வேண்டும்.

படகு எளிதாகப் போய்வர பாறை வாசலை அகலப்படுத்த வேண்டும் என்ற தேவையும் உண்மையானது. ஜூலையில் கதவருகே பிள்ளையைக் கைமாற்றிக் கொடுக்கும் தாயிடம் அது வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் படகுக்குத் திறக்கும் வாசல் அலைக்கும் திறந்துதான் இருக்கும். எவ்வளவு திறப்பது என்பது இந்தத் தீவுகளில் ஒவ்வொரு தலைமுறையும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

செப்டம்பர் பாதியில் காற்று தணிகிறது. தென்னையில் கட்டியிருந்த படகுகளின் கயிறு அவிழ்க்கப்படுகிறது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தோள்கொடுத்து, மணலில் இழுத்து, பச்சை நீரில் இறக்குகிறார்கள். முதல் படகு வாசலை நோக்கிப் போகிறது. அங்கே இன்ஜினைத் தணித்து நிற்கிறது. படகோட்டி எழுந்து நின்று, வெள்ளைக் கோட்டைப் பார்த்து அலைகளை எண்ணத் தொடங்குகிறார்.